ஒரு பிடி குழிமண்

நாய்க்குட்டி அழவில்லை.

தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த எந்தக் குட்டியும் முதல் நாள் ஊரைக் கூட்டி அழும். சாக்கில் போட்டாலும் அழும், மடியில் போட்டாலும் அழும், பால் வைத்தால் குடித்துவிட்டு இன்னும் தெம்பாக அழும். பொன்னாத்தாள் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். பழைய சேலையை நாலாக மடித்து அடுப்போரம் படுக்கைகூடப் போட்டு வைத்திருந்தாள். இந்தக் குட்டியோ படுக்கையைச் சீந்தவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், அவள் சற்று முன்புதான் மண்ணைப் புதைத்துச் சாணி மெழுகியிருந்த இடத்துக்கு நேராகப் போனது. ஒரு காதைத் தரையில் வைத்துப் படுத்தது. தூங்கவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரில் காதை வைத்துக் கேட்கிறவர்கள் மாதிரி, கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது.

வெளியே தைமாதக் காற்று. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வாளையாற்றுக் கணவாய்க்குள் நுழைந்து, வேலந்தாவளம் வரைக்கும் உள்ள பனைமரங்களை ஒன்று விடாமல் உலுக்கிக்கொண்டு, தோட்டத்து நடுவில் தனியாக நிற்கும் அவர்கள் சாளை வீட்டின் ஓடுகளைத் தடதடவென்று தட்டிப் பார்த்துவிட்டுப் போகும் காற்று. அந்த இரைச்சலிலும் குட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

"ஊமைக் குட்டியப் புடிச்சுட்டு வந்துட்டயே புள்ள" என்று சிரித்தான் அவள் புருஷன் சென்னிமலை. "அதுவும் நல்லதுதான். களவாணி வந்தாலும் நம்ம தூக்கம் கெடாது."

சென்னிமலை கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சந்தைக்குப் போனால் பூ வாங்காமல் வரமாட்டான். பெண்டாட்டி சொன்ன ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவன் நம்பவில்லை. அவன் என்ன, யாருமே நம்பவில்லை.

ஆடியில் அவளுக்குப் பிரசவம். பேய்மழையில் பஸ் நின்றுபோய், மாட்டுவண்டி கட்டிச் சித்தூர் ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே வலி முற்றிவிட்டது. போகிற வழியில் இருந்தது செங்கோட்டையன் வீடு. அவன் வீட்டிலேயே நாய் வளர்த்துக் குட்டி கொடுக்கிறவன். அவன் குட்டி காவலுக்கு நின்றால் பன்றி வரப்பைத் தாண்டாது என்று பொள்ளாச்சியிலிருந்துகூட ஆள் வரும். அவன் பெண்டாட்டி கருப்பாத்தாள் பிரசவம் பார்க்கிறவள். அவள் வீட்டு உள்ளறையிலேயே பொன்னாத்தாளுக்குக் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே மூச்சில்லை என்றாள் கருப்பாத்தாள். துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்விட்டாள். முகத்தைக் காட்டவில்லை. செத்துப் பிறந்த பிள்ளையின் முகத்தைத் தாய் பார்த்தால் அடுத்தது தங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஓடைக்கரையில் புதைத்தாயிற்று என்று மறுநாள் சொன்னாள்.

ஆனால் பொன்னாத்தாள் அழுகையைக் கேட்டாள். ஒரே ஒரு அழுகை.

"கொட்டத்துல நாய் ஈன்னுக்கிட்டிருந்துச்சு கண்ணு, அந்தச் சத்தமா இருக்கும்" என்றாள் கருப்பாத்தாள். காய்ச்சல் பிதற்றல் என்றான் சென்னிமலை. துக்கம் கேட்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, வாசலைத் தாண்டியதும் உச்சுக்கொட்டினார்கள். கோயிலில் மந்திரித்தார்கள். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள். பால் வற்றியது, அவள் பேச்சு வற்றவில்லை. என் பிள்ளை அழுதது என்று முதல் நாள் எப்படிச் சொன்னாளோ அப்படியேதான் தை மாதத்திலும் சொன்னாள். வீம்புக்காரி என்று பேரெடுத்தாயிற்று, இனிப் பேச்சைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு நாய்க்குட்டி இருந்தால் மனசு மாறும் என்று சென்னிமலை சொன்னபோது, அவன் எதிர்பாராத வேகத்தில் அவள் சரி என்றாள். செங்கோட்டையன் வீட்டுக்குப் போக அவளுக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை.

அந்த வீட்டின் வாசம் ஆடியில் இருந்ததுபோலவே இருந்தது. நாய் மூத்திரம், புளித்த கம்மங்கூழ், அடியில் லேசாகப் பால். கொட்டத்தில் வரிசையாகக் கட்டியிருந்த நாய்கள் குரைக்காமல் பார்த்தன. செங்கோட்டையன் தன் கைராசியைப் பற்றிச் சென்னிமலையிடம் அளந்துகொண்டிருந்தான்.

"ஈன்ன அன்னிக்கே பொறுக்கீருவனுங் மாப்பிள்ளை. குட்டிகள எடுத்து அந்தக் கோடீல வெறுந்தரையில போட்டுருவன். ஆத்தாள இந்தக் கோடீல கட்டீருவன். கத்திக்கிட்டே ஊந்து வந்து ஆத்தாகிட்டச் சேருது பாருங்க, அதுதான் குட்டி. ஒருக்காக் கத்தீட்டு மறுக்காக் கத்தாமக் கெடக்கறது எதுக்குங்க ஆகும்? எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா எதுக்குமே பால் பத்தாது."

"வந்து சேராததெல்லாம் என்னங்க மாமா பண்ணுவீங்க?" என்று கேட்டாள் பொன்னாத்தாள்.

"பொறகால குழி இருக்குது அம்மிணி." கத்தரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னான்.

அவள் கொல்லைப்புறம் போனாள். வேப்பமரத்தடியில் புல் முளைக்காத ஒரு துண்டு நிலம். கரிசல் மண், புதிதாகக் கொத்தியது போலப் பொலபொலவென்றிருந்தது. அதன் நடுவில் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. மற்றக் குட்டிகள் கொட்டத்தில் தாயோடு உருண்டு புரள, இது மட்டும் இங்கே தனியாக, காதைச் சாய்த்துக்கொண்டு.

"அது வேண்டாங் கண்ணு." பின்னால் கருப்பாத்தாள் நின்றிருந்தாள். ஆடியிலிருந்து அவள் பொன்னாத்தாளின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. இப்போதும் வேப்பமரத்தைப் பார்த்தே பேசினாள். "குழிக்குப் போனது அது. மாமன் அன்னிக்கே போட்டு மூடீட்டாரு. விடிஞ்சு பாத்தா ஆத்தாகிட்டக் குடிச்சுக்கிட்டுக் கெடக்குது. மறுக்காப் போட்டாரு. மறுக்காவும் வந்துருச்சு. அதுக்குப் பொறகு அவரு கையே வெக்கறதில்ல."

"ரண்டு தரம் மூடியும் வந்திருக்குதுன்னா அதுக்குப் பொழைக்கோணும்னு இருக்குதுங்க்கா" என்றாள் பொன்னாத்தாள். "எனக்கு அதுதான் வேணும்."

செங்கோட்டையன் சனி விட்டது என்று சம்மதித்துவிட்டான். வழக்கமாகக் குட்டி கொடுக்கும்போது, அது பிறந்த இடத்து மண்ணை ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்து கொடுப்பார்கள். புது வீட்டு அடுப்படியில் அதைப் புதைத்தால் குட்டி பழைய வீட்டைத் தேடாது. இந்தக் குட்டிக்கு மண் எல்லாம் எதற்கு என்றுவிட்டான் அவன். பொன்னாத்தாளுக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்கு வருவதற்கு மட்டும் முறைகூட இல்லையா? இது பிறந்த இடம் எது, கொட்டமா? இல்லை. ரண்டு தரம் இது வெளியே வந்தது இந்தக் குழியிலிருந்துதான். குனிந்து, குட்டி உட்கார்ந்திருந்த இடத்திலேயே ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்தாள். ஊரே காய்ந்து கிடந்த தையில் அந்த மண் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் கருப்பாத்தாள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அந்த மண்தான் இப்போது அடுப்போரத்தில் புதைந்திருந்தது.

மறுநாள் கொட்டாங்குச்சியில் பால் வைத்தாள். குட்டி முகர்ந்து பார்த்தது, குடிக்கவில்லை. மூக்கால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், மெழுகிய இடத்தில் கவிழ்த்தது. துடைக்கப் பழந்துணி எடுத்துவருவதற்குள் தரை அதைக் குடித்துவிட்டிருந்தது. ஓரத்தில் ஒரு நுரைகூட மிச்சமில்லை. சாயங்காலமும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. பால் ஒரு சொட்டு உள்ளே போகாமல் குட்டி மட்டும் உருண்டு திரண்டு வந்தது.

அவர்கள் தோட்டம் செம்மண். சாளையின் தரையும் செம்மண்ணில் கெட்டித்துச் சாணி மெழுகியதுதான். அதில் அந்த ஒரு பிடிக் கரிசல் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது, பிறகு முறம் அகலத்துக்கு வந்தது. களைக்கொத்தை எடுத்து ஓரத்தைக் கொத்திப் பார்த்தாள். கரிசல் கீழே போய்க்கொண்டே இருந்தது. கொத்தின் காம்பு முழுக்க இறங்கியும் செம்மண் தட்டுப்படவில்லை. கையை உள்ளே விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடியில் மண் வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் சத்தம். முதலில் காற்று ஓயும் இடைவெளிகளில் மட்டும், தேங்காய்ச் சிரட்டையை நகத்தால் சுரண்டுவது போல ஒரு மெல்லிய சத்தம், சுரண்டிவிட்டு நிற்பதும், நின்றுவிட்டுப் பக்கத்தில் வேறொரு இடத்தில் சுரண்டுவதுமாக, குட்டியின் காது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது. அப்புறம் காற்றடிக்கும்போதும் கேட்டது.

"பெருச்சாளி" என்றான் சென்னிமலை. அம்மிக்கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தான். விடிந்து பார்த்தபோது அம்மி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி மண்ணுக்குள் போயிருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சிரிக்கவில்லை.

"சிமிட்டி போட்டாத்தான் சரிப்படும். சிமிட்டி வாங்கறதுக்குப் பர்மிட்டு எழுதிக் குடுக்கோணும். பொள்ளாச்சிக்குக் கடலைக்காய் மூட்டை கொண்டுபோறன், வந்து பாத்துக்கலாம். நீ வேண்ணா அதுவரைக்கும் உங்க ஐயன் ஊட்டுக்குப் போயிரு புள்ள."

"ஏனுங்க, இது என்ற ஊடு. நான் எதுக்குங்க போகோணும்?"

அவன் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டான். வாய்தான் அப்படிப் பேசியது. வண்டிச்சத்தம் தேய்ந்ததும் அவளுக்கு வீட்டுக்குள் திரும்பிப் போக மனசில்லை. பயம்தான், வேறென்ன? களத்து மேட்டில் போய் நின்று பார்த்தாள். அடுத்த தோட்டத்துக் கூரை சோளக்காட்டுக்கு அப்பால் துணுக்காகத் தெரிந்தது. ஓடிப்போய்விடலாம். ஓடினால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். பாவம், புள்ள போனதிலிருந்து புத்தி பெரண்டுபோச்சு. அரை வருஷமாக அதே உச்சுக்கொட்டல். அதைக் கேட்பதற்கு இந்தச் சுரண்டலையே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று திரும்பி வந்தாள்.

உள்ளே வந்தபோது பால்வாசம் அடித்தது. கறவை மாட்டுப் பால் இல்லை. அது என்ன வாசம் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. குனிந்து பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது.

மல்லிகை வைத்துக் கட்டி வற்றிப்போன பால்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கருப்பாத்தாள் வந்தாள். அவ்வளவு தூரமும் நடந்து வந்திருக்கிறாள். தலைமுடியெல்லாம் காற்று கலைத்துப் போட்டிருந்தது, நகக்கண்ணெல்லாம் கரிசல். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அந்த மண்ணக் குடுத்துரு கண்ணு. உனக்குக் கோடிப் புண்ணியம். திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டர்றன்."

"எதுக்குங்க்கா?"

"குழி காலியாக் கெடக்குது. நாயி தோண்டுச்சு. நானும் தோண்டிப் பாத்தன். ஒண்ணுமே இல்ல. ஒரு எலும்புகூட இல்ல."

பொன்னாத்தாள் கையிலிருந்த விளக்கை மெதுவாக மாடத்தில் வைத்தாள்.

"நாய்க்குட்டி எலும்பு போனா உங்களுக்கென்னங்க்கா? அதுக்கா இத்தன தூரம் ஓடியாந்தீங்க?"

கருப்பாத்தாள் அவளைத் தாண்டி அடுப்படியைப் பார்த்தாள். பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பைச் சுற்றித் தரை முழுக்கக் கறுத்திருந்தது.

"எம் புள்ளய ஓடைக்கரையிலதான பொதச்சன்னு சொன்னீங்க?"

"ஓடையில வெள்ளம் போச்சு கண்ணு. அந்த மழையில நான் எங்க கொண்டுபோவன்..."

"அழுதுச்சா இல்லையா?"

காற்று ஓட்டைத் தூக்கிப் போட்டது. கருப்பாத்தாள் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சின்னதாக் கெடந்துச்சு. நீலம் பாரிச்சு. இது தங்குமா தங்காதான்னு வெறுந்தரையில போட்டுப் பாத்தன். ஒருக்கா அழுதுச்சு. மறுக்கா அழுகல."

பொன்னாத்தாளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரமும் இல்லை. ஒரு நிம்மதி. நான் பொய் சொல்லவில்லை, எனக்குப் பைத்தியம் இல்லை. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. என் பிள்ளையை நாய்க்குட்டி மாதிரி தரையில் போட்டுத் தேர்வு வைத்திருக்கிறாள். அடுத்த கோடியில் நான் படுத்திருந்தேன். அது என்னிடம் எப்படி ஊர்ந்து வரும்?

"எத்தன நேரம் பாத்தீங்க?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "மறுக்கா அழுகறதுக்கு எத்தன நேரம் உட்டீங்க?"

கருப்பாத்தாள் வாயைத் திறந்தாள்.

அப்போது காற்று நின்றது.

ஓடு தட்டவில்லை. பனை அசையவில்லை. சுரண்டல் மட்டும். சுவரோரம். அடுப்படியில். வாசற்படிக்குக் கீழே.

குட்டி எழுந்து நின்றது. வந்த நாளிலிருந்து முதல்முறையாகத் தரையிலிருந்து காதை எடுத்தது. வாலை ஆட்டியது.

அம்மிக்கல் புரண்டது. மண்ணுக்குள் போயே போயிற்று.

கருப்பாத்தாள் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். காலால் மண்ணைத் தள்ளினாள். மூட வேண்டும், மூட வேண்டும் என்று என்னவோ முணுமுணுத்தாள். பொன்னாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பத்து வருஷமாகக் கிணற்றில் தண்ணி சேந்திய கை.

"ஒதுங்குங்க."

"வேண்டாங் கண்ணு..."

"ஒதுங்குங்கன்னா!"

முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு இன்னொன்று. கண் திறக்காத குட்டிகள். மயிர் ஒட்டிய, மண் ஒட்டிய, விலா எண்ணும்படியான குட்டிகள். வாயைத் திறந்தன. உள்ளே நாக்கு இல்லை, மண் இருந்தது. மூச்சு இல்லை. ஆனாலும் ஊர்ந்தன. வெறுந்தரையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நேராக அவளைப் பார்த்து.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பு முழுக்கக் கண்ணை மூடு, மூடு என்று கத்தியது. மூடவில்லை. முகம் பார்க்காதே என்று அன்றைக்கு ஒருமுறை சொன்னார்கள், கேட்டாள். இனிக் கேட்பதாக இல்லை. அடுத்தது தங்காவிட்டால் தங்காமல் போகட்டும்.

குட்டிகள் பாதத்தைத் தொட்டன. ஜில்லென்றிருந்தன. காலை இழுத்துக்கொள்ளவில்லை அவள்.

அடுப்படி மண் மறுபடி குமிழ்ந்தது. பெரிதாக.

ஒரு கை.

கொழுக்கட்டை பிடித்தது போல மடங்கின விரல். நகத்துக்குள் கரிசல். விரல் விரிந்து தரையைத் துழாவியது. பிறகு தலை. பிறகு ஒரு துண்டுத் துணி, ஆடி மாதம் அவளே கிழித்துக் கொடுத்த சேலைத்துணி. முகம் முழுக்க மண். கண் இருக்க வேண்டிய இடத்தில் மண். அது தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பியது, தேடியது, அவள் இருக்கும் பக்கம் நின்றது.

அழுதது.

அதே அழுகை. அவள் கேட்டது. யாரும் நம்பாதது.

அதைக் கேட்டதும் நாய்க்குட்டியும் அழத் தொடங்கியது. வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஊளையிட்டது.

"மறுக்கா அழுதுருச்சுங்க்கா" என்றாள் பொன்னாத்தாள். "கேட்டுதா உங்களுக்கு? நல்லாக் கேட்டுதா?"

குனிந்து வாரி எடுத்தாள். கனத்தது. மண்மூட்டை மாதிரி கனத்தது. ரவிக்கையைத் தளர்த்தி மாரில் வைத்தாள். சில்லிட்ட வாய் பற்றிக்கொண்டது. பல் முளைக்காத ஈறில் மணல் நறநறத்தது. வலித்தது, கண்ணில் நீர் முட்டியது, பயத்தில் பல் கிட்டிக்கொண்டது, ஆனாலும் கையைத் தளர்த்தவில்லை. வெள்ளைப் பாலும் கரிசல் சேறும் ஒன்றாக அவள் வயிற்றில் வழிந்து மடியை நனைத்தன.

சுரண்டல் நிற்கவில்லை.

அடுப்பிலிருந்து சுவர் வரைக்கும், சுவரிலிருந்து வாசற்படி வரைக்கும் தரை ஏறி ஏறி இறங்கியது. குட்டிகள் உயரத்துக்கு இல்லை. அதைவிடப் பெரிதாக. இங்கே ஒன்று. அங்கே ஒன்று. நெல் வேகும் அண்டாவில் கொப்புளம் எழுவது போல.

பொன்னாத்தாள் தலையைத் தூக்கினாள்.

"இது ஒண்ணுதான்னு நெனச்சனே. இன்னும் யாரோடதுங்க்கா?"

கருப்பாத்தாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். கண் தரையை விட்டு நகரவில்லை. எழும் ஒவ்வொரு மேட்டையும் பார்த்துப் பார்த்து, உதடு மட்டும் அசைந்தது.

"சுப்பாத்தாளோடது... மருதாத்தாளோடது... நெலக்கடலைக் காட்டுல பெத்தாளே, அவளோடது..."

"வரட்டும்" என்றாள் பொன்னாத்தாள். பிள்ளையை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, இன்னொரு தொடையின் மேல் சேலையை விரித்துப் போட்டாள். "எல்லாம் வரட்டும்."

வாசற்படி ஓரம் மண் விண்டது. சின்னச் சின்ன விரல்கள், பிடி பிடியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. அவற்றில் முதலில் வந்த கை வெறுந்தரையைத் துழாவித் துழாவி நகர்ந்து, கருப்பாத்தாளின் கட்டைவிரலைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது.